பட்டாளத்தில் பாயும் படுக்கையும்

சென்னப்பட்டணத்துக் கோட்டைக்குள் கும்பினியார் வைத்திருந்த வெள்ளைச் சிப்பாய்கள், கப்பலை விட்டு இறங்கிச் சில மாதங்கள் செல்வதற்குள்ளாகவே ஜுரத்துக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் இரையாகி, கவனிப்பாரற்று மடிந்துகொண்டிருந்த காலத்தில், அவ்விடத்து ஏஜெண்டாக இருந்த ஸர் எட்வர்டு விண்டர் அக்காட்சியைச் சகிக்கமாட்டாமல், 1664-ஆம் வருஷம் கோகன் துரைக்குச் சொந்தமான வீட்டை மாதம் இரண்டு வராகன் வாடகைக்கு அமர்த்தி, நோயாளிச் சிப்பாய்களை அதில் கிடத்தினார். இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் பெரியாஸ்பத்திரிக்கு ஆதி அந்த வாடகை வீடுதான். கோட்டைக்குள்ளேயே ஓரிரு இடங்கள் மாறி, 1772-இல் அது இப்போதிருக்கும் நிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஸ்தாபனமாக நாம் அறிந்திருக்கும் அந்த ஆஸ்பத்திரி, பட்டாளத்தின் தேவைக்காகப் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

அந்த வீட்டை அமர்த்தியபோதே விண்டர் அதற்கு ஒரு விதியையும் அமைத்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆட்களை நியமித்தவர், வைத்தியர் அனுமதித்ததைத் தவிர உண்பதோ குடிப்பதோ எதுவும் உள்ளே போகாதபடி காப்பதையும் அவ்வாட்களின் வேலையாக்கினார். தயையினால் திறந்த வீட்டுக்கு முதல் நாளே காவலும் வந்துவிட்டது. சாராயத்தை ஒளித்துக் கொண்டுவந்து கொடுக்கும் தோழர்கள் இருந்த இடத்தில் அது நியாயமான விதிதான் என்று சொல்லலாம். ஆனாலும் பின்வந்த சுமார் இருநூற்றைம்பது வருஷத்துப் பட்டாள வைத்தியத்தின் சுபாவம் முழுவதும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குடும்பத்தில் ஒருவன் எழுந்ததும் “உடம்பு சரியில்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால், அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு கஞ்சி வரும். பட்டாளத்தில் அப்படிப் படுக்க முடியாது. அங்கே நோய் என்பது உடம்பின் ஸ்திதி மாத்திரமன்று, மேலதிகாரி வழங்கவேண்டிய ஓர் அனுமதி. காலைக் கவாத்துக்கு முன்னரே அன்றைய முறைக்காரச் சார்ஜண்டிடம் பெயர் கொடுக்கவேண்டும். அவர் அதை அதற்கென்றே வைத்திருக்கும் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பெயர் கொடுத்தவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு நடத்திச் செல்வார்கள். நிற்க முடியவில்லை என்று முறையிட வந்தவனும் அணியில் நின்றே அந்த முறையீட்டைச் செய்யவேண்டியிருந்தது. படுக்கையில் சேர்த்துவிட்டால் திரும்பிப் போக வேண்டியிராது என்பதால், க்ஷவரக் கத்தி, சீப்பு, துவாலை முதலிய சில்லறைச் சாமான்களையும் மூட்டையாகக் கையில் எடுத்துக்கொண்டே போவார்கள். வைத்திய அதிகாரி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், நாடியைப் பிடிப்பார், புத்தகத்தில் ஒரு குறி போடுவார். முதல் உலக மகாயுத்த காலத்துப் பிரிட்டிஷ் சேனையில் அந்தக் குறிகளிலெல்லாம் வெகு பிரசித்தமானது ‘மருந்தும் வேலையும்’ என்பது. நோய் இருக்கலாம், அதற்கு மாத்திரை தருகிறோம், ஆனால் கவாத்துக்குப் போ, என்று அதற்குப் பொருள். அந்த மாத்திரையும் பெரும்பாலும் ஒன்பதாம் நம்பர் மாத்திரையாகவே இருக்கும். தலைவலியானாலும் இடுப்புப் பிடிப்பானாலும் பேதி மருந்து ஒன்றே மருந்தென்று கொடுத்துவந்த அந்த வழக்கத்தின் ஞாபகார்த்தமாக, தம்போலா ஆட்டத்தில் ஒன்பது வந்தால் ‘டாக்டர் உத்தரவு’ என்று ஆங்கிலத்தில் கூவுகிறவர்கள் இன்றும் உண்டு.

அனுமதி கிடைத்துப் படுத்தவனுக்கும் நஷ்டம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கு அவனுடைய சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். கிரீமிய யுத்தத்தின்போது குண்டடி பட்டு ஸ்குடாரி ஆஸ்பத்திரிக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு நாலரைப் பென்னி பிடித்தார்கள். காய்ச்சலோ பேதியோ கண்டு வந்தவனுக்கு ஒன்பது பென்னி பிடித்தார்கள். சாதாரணச் சிப்பாயின் தினச் சம்பளமே ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. காயம் கௌரவமானது, நோய் அப்படியன்று என்ற எண்ணம் கணக்குப் புத்தகத்தில் இவ்வளவு அப்பட்டமாக எழுதப்பட்டதற்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. அதே பதுங்குகுழியில், அதே குளிரில், அதே அழுகிய ஆகாரத்தைத் தின்று படுத்தவர்கள்தாம் அந்த நோயாளிகள். அந்த யுத்தத்தில் எதிரியின் கையால் மாண்டவர்களைவிட நோயினால் மாண்டவர்களே மிகுதி. போர்வீரர்களுக்குத் தாம் என்ன செய்யக்கூடும் என்று விக்டோரியா மகாராணி விசாரித்தனுப்பியபோது, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இந்த வித்தியாசத்தை நீக்கவேண்டுமென்பதை முக்கியமான வேண்டுகோளாகத் தெரிவித்தார். 1855-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது நீங்கியது.

இவ்வளவு கெடுபிடிக்கும் அடியில் கிடந்தது சந்தேகம். பொய் நோய்க்காரன் என்னும் உருவம் பட்டாள அதிகாரிகளின் கண்முன் சதா நின்றுகொண்டிருந்தது. அதுவும் வெறும் கற்பனையன்று. வாழ்நாளில் பெரும்பகுதிக்கு என்று கையெழுத்திட்டுவிட்டு வெளியேற வழியறியாத மனிதனுக்கு, உடம்பு கெட்டுப்போவது ஒன்றே விடுதலைப் பத்திரமாக இருந்தது. அங்கஹீனம் என்று தள்ளப்பட்டால் சில சமயம் உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆகவே கண்ணில் சுண்ணாம்பைத் தடவிச் சிவக்கச் செய்துகொண்டவர்களும், காலில் உள்ள புண்ணை ஆறவிடாமல் செப்புக்காசை வைத்துக் கட்டிக்கொண்டவர்களும், புகையிலையை மென்று விழுங்கி முகம் வெளிறி வாந்தியெடுத்தவர்களும், மாதக்கணக்கில் ஊமையாகவே இருந்து காட்டியவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பதற்கு வைத்தியர்கள் கையாண்ட உபாயங்களோ நோயைவிடக் கொடியவை: தோலைக் கொப்புளிக்கச் செய்யும் பற்றுக்கள், திடீரென்று தலையில் கொட்டும் குளிர்ந்த நீர், மின்சார அதிர்ச்சி, நாட்கணக்கில் வெறுங்கஞ்சி. பொய்க்காரன் இவற்றுக்குப் பயந்து எழுந்துவிடுவான் என்பது சித்தாந்தம். உண்மையான நோயாளி என்ன ஆவான் என்பதைப் பற்றி அந்தச் சித்தாந்தம் அதிகமாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சுதந்திர இந்தியாவின் 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்திலும் 46-ஆம் பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. நோயை நடிப்பவனோடு, வந்த நோய் குணமாவதை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறவனும் அதில் சேர்க்கப்பட்டு, ஏழு வருஷம் வரை சிறைவாசத்துக்கு உரியவனாகிறான்.

இந்தச் சந்தேக சாஸ்திரத்தில் தேர்ந்தவர்களுள் ஒருவர் ஹென்றி மார்ஷல். ஸ்காட்லாந்துக்காரரான இவர் 1808 முதல் 1821 வரை இலங்கையில் பட்டாள வைத்தியராக இருந்தார். கண்டி ராஜ்யத்துக் காடுகளில் பகைவரின் துப்பாக்கிக்கு விழுந்தவர்களைவிடப் பன்மடங்கு பேர் ஜுரத்துக்கு விழுந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். 1818-ஆம் வருஷத்துக் கலகத்தின்போது அது உச்சத்தை எட்டியது. இங்கிலாந்து திரும்பிய பின், ஆள்சேர்க்கும்போது சோதிக்க வேண்டியவை பற்றியும் சிப்பாய்கள் நடிக்கும் நோய்களைப் பற்றியும் இளம் வைத்தியர்களுக்கு வழிகாட்டியாக 1828-இல் ஒரு நூல் எழுதினார். ஏமாற்றுக்காரனை எப்படிப் பிடிப்பது என்பதே அதன் பெரும்பகுதி. ஆனால் சில வருஷங்களுக்குள், அலெக்ஸாண்டர் டுல்லக் என்னும் ராணுவ அதிகாரியுடன் சேர்ந்து, பட்டாளத்து நோய்ப் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் கூட்டிப் பார்க்கும் பணி அவருக்கு வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் ஊர் ஜனங்களிடையே, இன்று எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள், எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், என்ன நோயால் படுத்தார்கள், எத்தனை நாள் கிடந்தார்கள் என்று எழுதி வைப்பது அரிது; பட்டாளம் அதை எழுதி வைத்தது. கருணையினால் எழுதி வைக்கவில்லை. வேலைக்கு வராதவன் ஏன் வரவில்லை என்று தெரியவேண்டும், சம்பளத்தைப் பிடிக்கவேண்டும், திருடனையும் நோயாளியையும் பிரிக்கவேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்டது. அப்படிச் சேர்ந்த ஏடுகளைத்தான் மார்ஷலும் டுல்லக்கும் பிரித்தார்கள். சிப்பாயைக் குற்றவாளியாக்க வைத்த அந்தக் கணக்கு, வருஷக்கணக்கில் கூட்டிப் பார்த்தபோது, அவனைக் குடிவைத்த கட்டடத்தையும் அவனுக்குப் போட்ட சோற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது.

1838-இல் வெளிவந்த மேற்கிந்தியத் தீவுகள் அறிக்கையே அதன் முதல் அடி. உஷ்ண தேசத்தில் சில வருஷம் இருந்துவிட்டால் உடம்பு பழகிவிடும் என்று தளபதிகள் நம்பிவந்ததற்கு நேர்மாறாக, தங்கத் தங்க மரணம் கூடுகிறது என்று எண்கள் சொல்லின. தாழ்நிலத்துப் பாசறைகளில் கூட்டங்கூட்டமாக மடிந்தவர்கள் மலைமேல் இருந்த பாசறையில் பிழைத்திருந்தார்கள். ஓயாமல் கொடுத்துவந்த உப்பிட்ட இறைச்சிக்கும் சாவுக்கும் சம்பந்தம் உண்டென்பது தெரிந்தது.

சென்னையிலும் இந்த வழியில் சென்றவர் ஒருவர் உண்டு. எழும்பூர் மியூசியத்தை 1851-இல் தொடங்கிவைத்தவர் என்று நாம் அறியும் எட்வர்டு பால்பர், தொழிலால் சென்னைச் சேனையின் வைத்தியர். படையினரை எந்தத் தட்பவெப்பத்தில், எவ்விடத்தில் வைத்தால் அவர்கள் நலங்குன்றாமல் இருப்பார்கள் என்பதைப் புள்ளிவிவரங்களோடு ஆராய்ந்து 1845-இலேயே எழுதினார். மியூசியத்துக்குக் கல்லும் சங்கும் சேர்த்த அதே சிரத்தையோடு அவர் சிப்பாய்களின் நோய்க்கணக்கையும் சேர்த்தார் என்பது, அவரை மியூசியத்தோடு மாத்திரம் சேர்த்து நினைக்கிறவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

எண்களின் முழு வல்லமையையும் உலகுக்குக் காட்டியவர் நைட்டிங்கேல் அம்மையார்தான். கிரீமியாவிலிருந்து திரும்பியவர், யுத்தமே இல்லாத சமாதான காலத்தில், இங்கிலாந்தின் சொந்தப் பாசறைகளிலேயே, வைத்திய பரீட்சையில் தேறி எடுக்கப்பட்ட திடகாத்திரமான இளைஞர்கள் ஊரில் உள்ள அதே வயதுக்காரர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இறக்கிறார்கள் என்பதை எடுத்துக் காட்டினார். இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. சிறைக்கைதிக்குச் சட்டம் ஒதுக்கிய காற்றிடத்தில் பாதிகூடச் சிப்பாய்க்கு ஒதுக்கப்படவில்லை. கட்டில்கள் ஒன்றோடொன்று உராய்ந்து கிடந்தன. குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்துவிட்டு, இரவில் சிறுநீர் கழிக்க ஒரு மரத்தொட்டியை அறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். காலையில் முகங்கழுவும் தொட்டியும் பல இடங்களில் அதுவே.

இந்தியப் பட்டாளத்தின் சுகாதாரத்தை விசாரிக்க 1859-இல் ராஜாங்க கமிஷன் ஒன்று ஏற்பட்டது. இந்தியாவை ஒருநாளும் கண்ணால் காணாத அம்மையார், ஒவ்வொரு கண்டோன்மெண்டுக்கும் கேள்வித்தாள் அனுப்பச் செய்து, மலைபோல் வந்து குவிந்த விடைகளைப் படித்தே இந்தியாவைக் கண்டார். 1863-இல் வெளிவந்த அறிக்கையின்படி, இங்கிருந்த வெள்ளைச் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் வருஷந்தோறும் இறந்துகொண்டிருந்தார்கள். அவ்விடைகளிலிருந்து அம்மையார் தீட்டிய சித்திரம் விசித்திரமானது. விடியுமுன் எழுந்து சிறிது நேரம் கவாத்து, வேலைக்காரன் கொண்டுவந்து வைக்கும் காலையாகாரம், படுக்கை, மத்தியானச் சாப்பாடு, மறுபடி படுக்கை, மாலையில் தேநீர், பிறகு குடி, பிறகு படுக்கை. வெயில் உடம்புக்கு ஆகாதென்று காலை முதல் சாயங்காலம் வரை வெளியே போகக்கூடாது என்பது விதி. அந்த நெடும்பொழுதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கான்டீனிலோ தினம் இரண்டு அளவு ரம் வாங்கிக்கொள்ள அனுமதி இருந்தது. நோய் வராமலிருக்க ஏற்படுத்திய விதியே மனிதனை நோயாளியின் வாழ்க்கையில் வைத்திருந்தது. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விகளுக்குச் சில கண்டோன்மெண்டுகளிலிருந்து வந்த விடைகளைப் படித்தால், இரண்டும் ஒரே இடம்தானோ என்று ஐயம் உண்டாகும்.

அறிக்கையின் பயனாக 1864-இல் சென்னை முதலிய மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் அமைந்தன. பாசறைகள் உயர்ந்த மேடைகளில், அகன்ற தாழ்வாரங்களோடு புதிதாக எழுந்தன. நீலகிரியில் குன்னூருக்கருகே ஜெகதளாவில் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னரே பெரிய பாசறை கட்டி முடிந்து, வெலிங்டன் என்று பெயர் மாறியிருந்தது. சமவெளியில் உடைந்துபோன உடம்புகளைத் தேற்றுவதற்கு அங்கே அனுப்பினார்கள்.

இவை யாவும் வெள்ளைச் சிப்பாயின் கதை. சென்னைச் சேனையின் தமிழ், தெலுங்குச் சிப்பாய்களின் கதி வேறு. அவர்களுக்குப் பாசறைக் கட்டடமே கிடையாது. ‘லைன்’ என்ற வரிசைகளில் தாங்களே குடிசை கட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தார்கள். வடநாட்டுப் படைகளைப் போலன்றிச் சென்னைச் சிப்பாய் தன் குடும்பத்தை ஊர் ஊராக உடனழைத்துச் செல்வது வழக்கமாகையால், பட்டாளம் கிளம்பினால் ஒரு கிராமமே கிளம்புவதாக இருக்கும். அவன் நோயுற்றபோது ரெஜிமெண்டு ஆஸ்பத்திரியில் டிரெசர் என்ற வைத்திய உதவியாளர் மருந்து கொடுப்பார், சோறு கொடுக்கமாட்டார். படுக்கை, துணி, அரிசி எல்லாம் அவனுடையவை. மனைவியோ தாயோ கஞ்சி காய்ச்சி எடுத்து வருவாள். சர்க்காரின் சிக்கனம் இது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் சாதியாசாரம் தவறாத சோறு, உற்றார் முகம், திறந்த வெளிக் குடிசை ஆகிய இவை அவனுக்கு ஓரளவு காப்பாகவே இருந்தன. வெள்ளைக்காரனைவிட அவன் மிகக் குறைவாகவே இறந்தான். வீட்டை விட்டுக் கடல்கடந்து போனபோதுதான் அந்த ஏற்பாட்டின் குறை முழுவதும் தெரிந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கும் உணவும் உடையும் தரும் ஸ்டேஷன் ஆஸ்பத்திரிகள் 1918-இல்தான் வந்தன.

பாசறை விதி மதிலைத் தாண்டியும் கை நீட்டியது. சிப்பாய்களுக்கு மேகநோய் பரவாதிருக்கும்பொருட்டு, பாளையக் கடைவீதிப் பெண்களைப் பெயர் பதிந்து, தவணை தவறாமல் சோதித்து, நோய் கண்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’ என்ற இடத்தில் அடைத்து வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே இருந்த அம்முறை, 1864, 1868-ஆம் வருஷத்துச் சட்டங்களால் உறுதிப்பட்டு, பலத்த கண்டனத்துக்குப் பின் 1888-இல் ரத்தாயிற்று. அவர்களும் பட்டாளத்து நோயாளிகளே. ஆனால் சம்பளமோ உபகாரச் சம்பளமோ இல்லாதவர்கள்.

காலரா கண்டபோது மாத்திரம் எல்லா விதியும் தலைகீழாயிற்று. பாசறையைக் காலி செய்து, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நடந்து, வெட்டவெளியில் கூடாரம் அடிக்கவேண்டும். அங்கும் ஒருவன் விழுந்தால் மறுபடி பெயரவேண்டும். காரணம் அறியாமலே செய்த காரியமாயினும், கெட்ட கிணற்றை விட்டு விலகிப்போனதால் அது சில சமயம் பலித்தது. காரணம் தெரிந்தவன் சொல்லும் யோசனை பலிப்பதுதான் பட்டாளத்தில் கஷ்டம். சென்னை மாகாண வைத்திய சேவையில் சேர்ந்து பெங்களூரில் இருந்த இளைஞர் ரொனால்டு ராஸ், தம் ஜன்னலடியில் இருந்த தொட்டித் தண்ணீரில் கொசு பெருகுவதைக் கண்டு அதைக் கவிழ்க்க, கொசு குறைந்தது. அதிகாரிகளின் போஜன விடுதியிலும் அப்படியே செய்யலாமென்று அவர் சொன்னபோது, கொசுவும் ஏதோ ஒரு காரியத்துக்காகவே படைக்கப்பட்டிருக்கும், அதைச் சகிப்பது நம் கடமை என்று அட்ஜுடண்ட் மறுத்துவிட்டாராம். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவை அதே ராஸ் சிகந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி.

கடல்கடந்து போன இந்தியச் சிப்பாய்களைக் காண, இனி இங்கிலாந்தில் உள்ள பிரைட்டன் நகருக்குப் போவோம். 1914-ஆம் வருஷ இறுதியில் பிரான்ஸ் தேசத்துப் போர்முனையிலிருந்து காயம்பட்டு வந்த பஞ்சாபியரையும் கூர்க்கரையும் கடுவாலியரையும், ராஜாவின் பழைய அரண்மனையான பெவிலியனிலும், அவ்வூர் ஏழைகள் விடுதியை மாற்றியமைத்த கிச்சனர் இந்திய ஆஸ்பத்திரியிலும் வைத்தார்கள். பெவிலியனில் ஒன்பது சமையலறைகள். ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு தண்ணீர்க் குழாய்கள். உருதுவிலும் ஹிந்தியிலும் குருமுகியிலும் அறிவிப்புப் பலகைகள். படமெடுத்து இந்தியாவெங்கும் காட்டுவதற்கு உகந்த உபசாரம். அதே சமயத்தில் மேலதிகாரிகளிடையே ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருந்தது: இந்தியச் சிப்பாய்களுக்குக் கையில், விசேஷமாக இடக்கையில், இவ்வளவு காயம் ஏன்? தாங்களே சுட்டுக்கொண்டு தப்பப் பார்க்கிறார்களோ?

கிச்சனர் ஆஸ்பத்திரியின் தலைவர் கர்னல் புரூஸ் ஸீட்டன், தம்மிடம் வந்த காயங்களில் ஆயிரத்தை எடுத்துக்கொண்டு, எந்த அங்கம், எந்தப் பக்கம், என்ன ஆயுதம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணக்கிட்டார். பதுங்குகுழியின் விளிம்புக்கு மேல் துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறவனுக்குக் கையும் தலையுமே வெளியே தெரியும் என்பதைப் போர்க்களம் கண்டவர் எவரும் அறிவர். எண்களும் அதற்கு மாறாகப் பேசவில்லை. சிப்பாய்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்பதே ஸீட்டனின் முடிவு. நோயாளிகள் தனியே ஊருக்குள் போகாதபடி ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காவல் வைத்திருந்தவரும் அவரே. குணமடைந்தவர்களை ஊருக்கு அனுப்பாமல் மறுபடி போர்முனைக்கே அனுப்பும் வழக்கமும் இருந்தது. ஒருமுறை குண்டடி பட்டவனை மறுமுறையும் அனுப்புவது என்ன நியாயம் என்று அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்துப் பிரதி எடுத்து வைத்தார்கள்.